ஜப்பானில் படிக்கப் போகும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு: பூக்காலமும் ஊர்த் திருவிழாக்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காரைக்குடியிலிருந்து ஜப்பானின் சென்டாய் நகருக்குப் படிக்கப் போய், மூன்று வசந்தங்களை அங்கே கழித்துத் திரும்பியவன் நான். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் புறப்படத் தயாராகும் பிள்ளைகளும் பெற்றோரும் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். விசாவுக்கும் கட்டணத்துக்கும் வழி சொல்லப் பலர் இருக்கிறார்கள். அங்கே பூ பூக்கும் நாளில் என்ன செய்வது, தெருவில் சப்பரம் வந்தால் எங்கே நிற்பது என்று சொல்ல யாரும் இல்லை. அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

படிக்கப் போகிற பிள்ளைக்குத் திருவிழா எதற்கு? பணம் செலவழித்து அனுப்புவது பட்டத்துக்குத்தானே?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை, நகையை அடகு வைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊருக்கு இது புதிய கேள்வி அல்ல. கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன காலத்தில் நம் பாட்டன்மார் மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கப்பல் ஏறினார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிய அதே மனிதர்கள்தான் பினாங்கில் 1857-இலும் சிங்கப்பூரில் 1859-இலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பித் தைப்பூசம் கொண்டாடினார்கள். பிழைக்கப் போன இடத்தில் பிழைப்பு மட்டுமே போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அது முதல் ஆண்டில் தெரியவில்லை. ஏப்ரலில் சேர்ந்ததும் ஆய்வகம், வாடகை அறை, மறுபடி ஆய்வகம் என்றே நாள்கள் ஓடின. வழியில் மரங்கள் வெண்மையாகப் பூத்து நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம் என்று கடந்து போனேன். சனிக்கிழமை இரவு காற்றும் மழையும் அடித்தன. ஞாயிறு காலை ஆற்றங்கரைக்குப் போனபோது பூக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. கிளைகளில் பச்சை இலை துளிர்த்திருந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி என்னைப் பார்த்து, "அடுத்த ஆண்டு" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் வரை ஆய்வகத்துக்கு வெளியே ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டு மே மாதத் திருவிழாவுக்குப் பிறகு, எங்கள் தெருவில் என் பெயர் தெரியாதவர்கள் குறைவு. படிப்பும் அந்த ஆண்டுதான் சீராக ஓடியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

செர்ரிப் பூ எப்போது பூக்கும்? முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைக்கலாமா?

ஊருக்கு ஊர் மாறும். தெற்கே கியூஷுவிலும் டோக்கியோவிலும் பெரும்பாலும் மார்ச் கடைசியில் பூக்கும். சென்டாயில் ஏப்ரல் முதல் பாதி. வடகோடி ஹொக்கைடோவுக்குப் பூ போய்ச் சேர ஏப்ரல் கடைசியோ மே முதல் வாரமோ ஆகும். தெற்கிலிருந்து வடக்கே ஏறும் இந்த வரிசையை அங்குள்ளவர்கள் வானிலைச் செய்தியில் மழையைப் போலவே கவனிக்கிறார்கள். பல ஊர்களில் வானிலை ஆய்வாளர்கள் ஒரு மரத்தை அடையாள மரமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூ விரிந்தால் பூக்காலம் தொடங்கிவிட்டதாக அறிவிப்பார்கள். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுப் பூப்பு. அதன்பின் இன்னொரு வாரம் தாங்கினால் நல்ல ஆண்டு.

இத்தனை மரங்களும் ஒரே நாளில் பூப்பதற்குக் காரணம் உண்டு. ஊரெங்கும் நட்டிருப்பது பெரும்பாலும் சோமேய் யோஷினோ என்னும் ஒரே வகை. விதை போட்டு வளர்த்தவை அல்ல, எல்லாம் ஒட்டுக்கட்டிப் பெருக்கியவை. ஒரு தாய் மரத்தின் உடம்புதான் லட்சக்கணக்கில் நிற்கிறது. அதனால் சேர்ந்தே பூக்கின்றன, சேர்ந்தே உதிர்கின்றன. தள்ளிப்போட்டால் மிச்சம் இருக்காது.

ஆகவே ஒரு தேதிக்கு டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் ஏதாவது ஒரு வார நாளின் பிற்பகலை விட்டு வையுங்கள். புதிய பருவம் தொடங்கும் நேரம்தான், வேலை நெருக்கும். ஆசிரியரிடம் பூப் பார்க்கப் போகிறேன் என்று நேராகவே சொல்லலாம். அந்த ஊரில் அது மறைக்க வேண்டிய காரணம் அல்ல.

ஹனாமி என்றால் என்ன செய்ய வேண்டும்?

மரத்தடியில் விரிப்பை விரித்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். ஹனாமி என்ற சொல்லுக்குப் பூப் பார்த்தல் என்று பொருள். நீல நிறத் தார்ப்பாய் விரிப்பது வழக்கம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதன்மேல் ஏற வேண்டும். அடுத்தவர் பிடித்து வைத்த இடத்தில் கால் வைக்காதீர்கள். கிளையை வளைத்துப் படம் எடுக்காதீர்கள், உலுக்காதீர்கள். குப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

ஒன்றை மறந்துவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன்: குளிர். படத்தில் பார்த்தால் நம் ஊர்ப் பங்குனி போலத் தோன்றும். சென்டாயில் ஏப்ரல் தொடக்கத்தில் வெயில் இறங்கியதும் கை விறைக்கும். தடித்த மேலங்கி இல்லாமல் மாலையில் உட்காராதீர்கள்.

சென்டாய்ப் பக்கம் எங்கே போகலாம்?

நகருக்குள் நிஷி பூங்காவும் த்சுத்சுஜிகவோகா பூங்காவும் இருக்கின்றன. ஒரு முழு நாள் கிடைத்தால் ரயிலேறி ஓகவாரா போங்கள். ஷிரோயிஷி ஆற்றங்கரையில் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தூரத்துக்குச் சுமார் 1,200 செர்ரி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் ஸாவோ மலையில் பனி கரையாமல் இருக்கும். ஒரே பார்வையில் ஆயிரம் மரம் என்று அந்த இடத்துக்குப் பெயர். இந்த மரவரிசை 1923-இல் அந்த ஊர்க்காரர் ஒருவர் கன்றுகளைக் கொடையாகக் கொடுத்து நடத் தொடங்கியது. வெளியூரில் சம்பாதித்துச் சொந்த ஊருக்குக் குளம் வெட்டிப் பள்ளி கட்டியவர்களின் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு, அந்தக் கரையில் நடக்கும்போது அந்த மனிதரை உடனே புரியும்.

திருவிழாவை வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டுமா, வெளிநாட்டு மாணவர் கலந்துகொள்ளவும் விடுவார்களா?

விடுவார்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதே இதுதான்: தள்ளி நின்று பார்க்காதீர்கள், ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் திருவிழா எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மண்டகப்படி ஒருவருடையது, பானகம் ஒருவருடையது, பந்தல் இன்னொருவருடையது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு பானை. பங்கு இருப்பவனுக்குத்தான் அது திருவிழா. பங்கில்லாதவன் கூட்டத்தில் நிற்கிறான், அவ்வளவே. ஜப்பானிலும் அதே கணக்குதான். அக்கம்பக்கச் சங்கம் என்று தெருவுக்கு ஒன்று இருக்கிறது. வரி வசூலிப்பதும் விளக்குக் கட்டுவதும் சாமியைத் தூக்க ஆள் சேர்ப்பதும் அந்தச் சங்கம்தான். பல தெருக்களில் இப்போது முதியவர்களே மிகுதி. தூக்க இளந்தோள் கிடைப்பதில்லை. போய் நின்று "நான் உதவலாமா?" என்று கேட்டால் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

சாமி ஊர்வலம் வரும் சிறிய பல்லக்கு போன்ற சப்பரத்துக்கு மிகோஷி என்று பெயர். தோளில் கட்டையைத் தாங்கி, "வாஷ்ஷோய், வாஷ்ஷோய்" என்று ஒரே குரலில் கத்திக்கொண்டு ஆட்டி ஆட்டித் தூக்கிப் போவார்கள். உங்கள் உயரத்துக்கு ஒத்த ஆட்களோடு நில்லுங்கள். உயரமானவர் குட்டையானவர்கள் நடுவில் நின்றால் பாரம் முழுவதும் அவர் தோளில்தான் இறங்கும். மறுநாள் சட்டை போட முடியாது. மாடியில் நின்று மிகோஷியைக் கீழே குனிந்து பார்ப்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். தெருவுக்கு இறங்கி வந்துவிடுங்கள்.

சென்டாயில் மே மாதம் மூன்றாம் வார இறுதியில் அவோபா திருவிழா. அவோபா என்றால் பசிய இலை. செர்ரி உதிர்ந்து, ஜோசென்ஜி சாலையின் ஜெல்கோவா மரங்கள் புதிதாக இலை விட்டிருக்கும் நேரம். அந்த நகரை உருவாக்கிய தாதே மசமுனேயின் நினைவோடு நடக்கும் விழா அது. அதில் சுசுமே ஒதோரி என்னும் சிட்டுக்குருவி ஆட்டம் உண்டு. 1603-இல் சென்டாய்க் கோட்டை விழாவில், மசமுனேயின் முன்னால், சாக்காய் நகரிலிருந்து வந்த கல் தச்சர்கள் உற்சாகத்தில் எழுந்து ஆடியதுதான் தொடக்கம் என்கிறார்கள். துள்ளித் துள்ளி ஆடியது குருவி தத்துவது போல இருந்ததாம். தாதே குடும்பச் சின்னத்திலும் குருவி இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. கோட்டை கட்ட வந்த கூலித் தச்சர்கள் ஆடிய ஆட்டத்தை இன்று அந்த நகரம் முழுவதும் ஆடுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்த செய்தி.

இரு கையிலும் விசிறி, இடுப்பைத் தாழ்த்தி, புல்லாங்குழலுக்கும் முரசுக்கும் தத்த வேண்டும். எங்கள் பகுதிக் குழுவில் ஏப்ரல் முழுவதும் மாலைப் பயிற்சி நடந்தது. அடவு எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. ஆனால் பயிற்சி முடிந்ததும் மேசை நாற்காலிகளை அடுக்கி வைக்கும் வேலையை முதல் நாளே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து எனக்கென்று ஒரு கோப்பைத் தேநீர் தனியே எடுத்து வைத்தார்கள்.

மொழி தெரியாமல் எப்படிச் சேர்வது?

தேர் வடம் பிடிக்க எந்த மொழி வேண்டும்? வணக்கம், நன்றி, மன்னியுங்கள், இதை எங்கே வைக்க வேண்டும் ஆகிய நான்கையும் ஜப்பானிய மொழியில் கற்றுக்கொண்டு போங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நில்லுங்கள். மற்றதை அவர்கள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

என் மகள் சைவம். திருவிழாவில் என்ன சாப்பிடுவாள்?

கவனம் தேவைப்படும் இடம் இது. கறி தெரியவில்லை என்பதற்காகச் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. சூப், குழம்பு, நூடுல்ஸ், காய்கறி அவியல் என்று பெரும்பாலானவற்றில் தாஷி என்னும் சாறு ஊற்றுகிறார்கள். அது பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனிலிருந்து எடுப்பது. நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த மாசிக் கருவாட்டின் உறவு. "மீன் சாறு உண்டா?" என்று குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், "சைவமா?" என்று கேட்டால் சரியான பதில் வராது.

நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவை இனிப்புகள். ஹனாமிக்கு இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என மூன்று நிறத்தில் குச்சியில் கோத்த தாங்கோ மாவுருண்டை. உப்பில் ஊறிய செர்ரி இலையில் சுற்றிய சக்குரா மோச்சி. இலையையும் சேர்த்தே சாப்பிடலாம். மார்ச் இருபதை ஒட்டி இரவும் பகலும் சமமாகும் வாரத்தில் முன்னோரின் கல்லறைக்குப் போய்ப் படைக்கும் போத்தாமோச்சி இன்னொன்று. நம் கொழுக்கட்டையை உள்ளும் புறமும் மாற்றியது போல இருக்கும்: உள்ளே ஒட்டும் அரிசி, வெளியே சிவப்புப் பயற்றுப் பூரணம். பக்கத்து வீட்டு மூதாட்டி மறைந்த கணவருக்கு வைத்ததில் இரண்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டிலும் முன்னோருக்குப் படைப்பு உண்டு, படைத்ததைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்றேன். அவர் வெகுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

மது குடிக்க வற்புறுத்துவார்களா?

மாட்டார்கள். கோப்பையில் தேநீர் வைத்துக்கொண்டு உட்காருங்கள், போதும். அங்கே 2022 முதல் சட்டப்படி பெரியவராகும் வயது 18 ஆனாலும், மது அருந்தும் வயது 20-தான். குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதும் குற்றம்.

பெண் பிள்ளைகளுக்கென்று கொலு போல ஒரு விழா உண்டாமே?

உண்டு, மார்ச் 3, ஹினா மட்சுரி. சிவப்புத் துணி விரித்த படிகள். பெரிய வீடுகளில் ஏழு. உச்சியில் அரசரும் அரசியும், கீழே பணிப்பெண்கள், இசைக்கலைஞர்கள், மிகச் சிறிய பல்லக்கும் பெட்டகமும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும் பொம்மைகளும் அதில் இருக்கும். நாள் முடிந்ததும் சுருக்காக எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். தாமதித்தால் பெண்ணின் திருமணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கை. பழைய வீடு ஒன்றில் இதைப் பார்க்க அழைப்பு வந்தால் போகாமல் இருக்காதீர்கள்.

மார்ச் மாதத்தில் அந்த ஊரில் கொண்டாட்டம் சரியாக இருக்குமா? சுனாமி வந்த இடம்தானே?

இதைக் கேட்டவர் பதினெட்டு வயதுத் தங்கை ஒருவர். கேட்டதற்கு நன்றி சொன்னேன்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46-க்கு நிலநடுக்கம், அதன்பின் கடல். ஒவ்வோர் ஆண்டும் அந்த நிமிடத்தில் ஊர் நின்று மௌனம் காக்கிறது. நீங்களும் நில்லுங்கள். ஆய்வகத்தில் இருந்தால் எழுந்து நில்லுங்கள். நகரின் கடலோரத்தில் அரஹாமா தொடக்கப் பள்ளியை இடிக்காமல், அலை மோதிய கோலத்திலேயே பாதுகாத்து 2017 முதல் திறந்து வைத்திருக்கிறார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் ஏறிய 320 பேர் உயிர் தப்பினார்கள். 2004-ஐப் பார்த்த கரையிலிருந்து வந்தவன் என்று அங்கே சொன்னபோது, என்னோடு வந்தவர்கள் தமிழ்நாட்டுக் கரையைப் பற்றி விசாரித்தார்கள். ஏப்ரலில் அதே மனிதர்கள் பூவின் கீழ் உட்கார்ந்து சிரிக்கும்போது அந்தச் சிரிப்பின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மே மாதத்து முரசுக்கு முன்னால் மார்ச் மாதத்து மௌனத்தில் நிற்பதும் அந்த ஊர்க்காரர்களோடு பங்கெடுப்பதே.

வசந்தத்தில் எல்லோரும் முகக்கவசம் போடுவது ஏன்?

சுகி என்னும் ஊசியிலை மரத்தின் மகரந்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத் தேவைக்காக மலை மலையாக நட்டார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அதன் தூள் காற்றில் வரும். தும்மலும் கண் அரிப்பும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவதும் உண்டு. மருத்துவரிடம் முன்கூட்டியே போங்கள்.

திருவிழாக் கடையில் நின்று கொஞ்சம் சம்பாதிக்கலாமா?

சம்பளம் வாங்கினால் அது வேலை. மாணவர் விசாவில் தனி அனுமதி பெற்ற பிறகே செய்யலாம். பருவ காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான். சம்பளமில்லாமல் தெருச் சங்கத்துக்கு உதவுவது வேறு.

அவர்களுக்கு நாம் என்ன கொண்டுபோகலாம்?

சீப்புச் சீடை, தேன்குழல், மகிழம்பூ முறுக்கு. வாரக்கணக்கில் கெடாது, கடல் கடந்தும் நொறுங்காமல் தாங்கும். ஹனாமி விரிப்பில் டப்பாவைத் திறந்து வைத்தால் பேச்சு தானே வரும்.

இன்னொன்றும் கொண்டுபோங்கள், செலவில்லாதது. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய வளவு இருந்தால் சுவரைப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணுக்குப் பின்னால், மயில் கழுத்து நிறத்தில், பூ வேலை செய்த பளபளப்பான ஓடு பதித்திருக்கும். அவற்றில் பல இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. நான் எங்கள் வீட்டு ஓட்டைப் படம் எடுத்துப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறவரைப் போலப் படத்தைத் தடவினார். தன் நாட்டுப் பொருள் ஒரு தூரத்து வீட்டில் இத்தனை காலமாகப் பத்திரமாக இருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பிறகு கவுனி அரிசி கிண்டிக் கொடுத்தேன். நிறம்தான் புதிது, ஒட்டும் அரிசி தனக்குப் பழக்கம் என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நம் ஊர்த் திருவிழா விட்டுப்போகுமே?

விட்டுப்போகும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். செர்ரி பூக்கும் அதே பங்குனியில்தான் மீனாட்சிபுரத்து முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் வரும். முளைப்பாரியின் ஈர மணம் நினைவுக்கு வந்து தொண்டை அடைக்கும் நாள் ஒன்று இருக்கும். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊரில் காலை ஏழு மணிக்குப் பால்குடம் புறப்பட்டால் அங்கே பத்தரை. வகுப்பு இடைவேளையில் அம்மாவை அழைத்து, பேச வேண்டாம், மேளச் சத்தத்தை மட்டும் கேட்கவிடு என்று சொல்லுங்கள். சித்திரை முதல் நாள் பெரும்பாலும் சென்டாயின் பூக்காலத்திலேயே விழும். பாயசம் வைத்து, அதை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க (மாவில் நூல் திரியிட்டு ஏற்றி, சுடரோடு உண்ண) வேண்டுமென்றால் ஊரிலிருந்து இழையையும் மாவையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். தனியே எடுக்காமல், அருகில் இருக்கும் நம்மவர் வீட்டில் கூடி எடுங்கள்.

திருவிழா உடை வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஹப்பி என்னும் குட்டை அங்கியைக் குழுவே இரவல் தரும். முதுகில் குழுவின் சின்னம் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தரையில் உட்காராதீர்கள். முடிந்ததும் துவைத்து, உலர்த்தி, வந்த மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்ததை வாங்கி அலமாரியில் வைத்த பெரியவர், மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் முதல் பயிற்சிக்கு நான் போனபோது, அளவு கேட்காமல் அதே அங்கியை எடுத்து நீட்டினார்.